மூன்று குமாஸ்தாக்கள்

கான்டர்பரி தேவாலயத்தில் பார்க்க வேண்டிய முக்கியமான பொருள் அங்கே இல்லை. கிழக்குக் கோடியில், தேய்ந்துபோன கல்படிகள் ஏறிப் போனால் ஒரு மேடை வருகிறது. நடுவில் வெறும் தரை. தரையில் ஒற்றை மெழுகுவர்த்தி. தாமஸ் பெக்கெட்டின் பொன்னும் மணியும் பதித்த சமாதி 1220-லிருந்து 1538 வரை இருந்த இடம் அது. முன்னூறு வருஷத்துக்கும் மேலாக ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து ஜனங்கள் நடந்து வந்து சேர்ந்த இடம். காலியிடத்தைச் சுற்றித் தரைக்கல் தேய்ந்திருக்கிறது. முழங்காலிட்டவர்கள் தேய்த்தது என்கிறார்கள். மூர்த்தி போய்விட்டது, தேய்மானம் மிச்சம்.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இந்த ஊர் இரண்டு தடவை அறிமுகமாகிறது. முதலில் சாஸரின் யாத்ரீகர்கள் மூலமாக. பிறகு எலியட்டின் 'மர்டர் இன் த கதீட்ரல்' மூலமாக. இரண்டையும் நாங்கள் ஒரு தாலுகாத் தலைநகரத்துக் கல்லூரியில் நோட்ஸ் எழுதிப் படித்தோம். இங்கிலாந்தின் ஏப்ரல் எப்படிப்பட்டது என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது வெளியே எங்கள் ஏப்ரல் கொளுத்திக்கொண்டிருந்தது. அதில் ஒன்றும் குறையில்லை. காணாத மழையைப் பற்றிப் படிப்பதும் ஒரு பயிற்சிதான். சங்கப் பாட்டுகளில் வரும் குறிஞ்சியை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

லண்டனில் அக்கா வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். அதில் ஒரு நாள் கான்டர்பரிக்கு. அத்தானுக்கு லீவு இல்லை. அக்காவுக்கு தேவாலயங்களில் ஆர்வம் இல்லை ("எல்லாம் ஒரே மாதிரிதான்டா இருக்கும்"). துணைக்கு வந்தது அக்காவின் பெண். பன்னிரண்டு வயது. அங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். செயின்ட் பான்க்ராஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகும் வேக வண்டி உண்டு. நாங்கள் போனது விக்டோரியாவிலிருந்து கிளம்பி நின்று நின்று போகும் வண்டி, டிக்கெட் மலிவு. வழியில் ராச்செஸ்டர் வருகிறது. ஆற்றைக் கடக்கும்போது கோட்டையும் அதன் பக்கத்தில் இன்னொரு கதீட்ரலும் ஜன்னலில் வந்து போயின. பிறகு ஃபாவர்ஷம். பிறகு கான்டர்பரி ஈஸ்ட். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே பழைய நகரத்து மதில். அதன் மேல் நடந்து ஊருக்குள் போகலாம்.

ஊரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெர்ஸரி லேன் என்று ஒரு குறுகிய சந்து தேவாலயத்தின் வாசல் கோபுரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. மத்திய காலத்தில் யாத்ரீகர்களுக்குச் சாமான் விற்ற தெரு. தகரமும் ஈயமும் கலந்து வார்த்த பெக்கெட் முத்திரைகள், ரத்தம் ஒரு துளி கலந்ததாகச் சொல்லப்பட்ட தீர்த்தத்தை அடைத்த சிறு குப்பிகள் எல்லாம் யாத்ரீகர்கள் வாங்கிப்போன பொருள்கள். இன்று ஐஸ்கிரீமும் டீ-ஷர்ட்டும். பழனி அடிவாரத்தில் நின்றவனுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போனோம்.

உள்ளே நடக்க நடக்க என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். இந்த ஊரை எனக்குத் தெரியவைத்த மூன்று பேருமே குமாஸ்தாக்கள்.

பெக்கெட், லண்டனில் சீப்ஸைடில், 1120 வாக்கில் பிறந்த ஒரு வியாபாரியின் மகன். படிப்பை முடித்துவிட்டு அவர் முதலில் பார்த்த வேலைகளில் ஒன்று, சொந்தக்காரரான ஒரு பணக்காரரிடம் கணக்கெழுதுவது. அந்த முதலாளியின் பெயர் ஆஸ்பர்ட் ஹுயித்தெனியர். பெயரின் பின்பாதிக்கு 'எட்டுக் காசு' என்று அர்த்தம். நம் ஊரில் எட்டணா செட்டியார் என்று ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. சாஸர் 1374-லிருந்து லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் ஏற்றுமதிக்குச் சுங்கக் கணக்குப் பார்த்தவர். எலியட் 1917-லிருந்து 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் வெளிநாட்டுப் பிரிவில் இருந்தார். 'வேஸ்ட் லாண்ட்' 1922-ல் வந்தபோது அவர் வங்கிச் சிப்பந்தி. அந்தக் கவிதையைத் தாங்கிவந்த 'கிரைட்டீரியன்' முதல் இதழையும் அவரேதான் வங்கி வேலை போக மிஞ்சிய நேரத்தில் தயாரித்தார். நம் வட்டத்தில் வங்கியிலும் தபாலாபீஸிலும் ரெவின்யூவிலும் இருந்துகொண்டு பத்திரிகை நடத்துகிறவர்கள் இதைத் தெம்புக்காகச் சொல்லிக்கொள்வதுண்டு. எனக்கு இதில் தெம்பு எதுவும் கிடைப்பதில்லை. வேறு ஒன்று கிடைத்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சாஸரில் தொடங்கலாம். சதக்கிலிருந்து கிளம்பிய அவருடைய யாத்ரீகர்கள் கான்டர்பரிக்கு வந்து சேரவே இல்லை. ஒவ்வொருவரும் போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு கதை சொல்வதாகத் திட்டம். இருப்பதோ இருபத்து நாலு. அதிலும் சில பாதியில் நிற்கின்றன. சாஸருக்கு யாத்திரையில் இருந்த சிரத்தை சமாதியில் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் விட்ட இடத்தை நிரப்ப, பதினைந்தாம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் ஒரு தொடர்ச்சி எழுதியிருக்கிறார். அவர் யாத்ரீகர்களைக் கோயிலுக்குள் கொண்டுவந்தே விடுகிறார். வந்தவர்களில் சிலர் நேரே சமாதிக்குப் போகவில்லை. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்து, அதில் இருப்பது இன்னது என்று ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். மாவரைக்கிறவனுக்கும் பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறவனுக்கும் கருத்து வேறுபாடு. இரண்டு பேர் சொல்வதும் அபத்தம். கான்டர்பரியின் முதல் விமர்சகர்கள் இவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது. நம் கூட்டங்கள் பலவற்றை அந்தப் பெயரில்லாத ஆசாமி முன்கூட்டியே பார்த்துவிட்டிருக்கிறார்.

ஆனால் அந்த ஜன்னல்களைப் பற்றிச் சண்டை போடலாம். சமாதியை உடைத்தவர்கள் அவற்றில் பலவற்றை விட்டுவைத்தார்கள். காலி மேடையைச் சுற்றி இருக்கும் ஜன்னல்களில், பெக்கெட் இறந்த பிறகு நடந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்கள் சித்திரமாக இருக்கின்றன. பெனடிக்ட், வில்லியம் என்று இரண்டு துறவிகள் உட்கார்ந்து, வந்தவர்களிடம் விசாரித்து எழுதி வைத்தவை எழுநூறுக்கும் மேல். அதிலிருந்து பொறுக்கியவை இவை. அரசர்களும் பிரபுக்களும் குறைவு. பைத்தியம் பிடித்த ஒருவனைக் கையைக் கட்டித் தடியால் அடித்து இழுத்து வருகிறார்கள். பக்கத்துச் சித்திரத்தில் தெளிந்து முழங்காலிட்டிருக்கிறான். ஈல்வர்டு என்று ஒரு குடியானவன். பக்கத்து வீட்டுக்காரன் அவனுக்குச் சில்லறைக் காசு பாக்கி. கேட்டும் தரவில்லை. இவன் குடித்துவிட்டு அவன் வீட்டுக்குள் புகுந்து ஒரு சாணைக்கல்லையும் கையுறைகளையும் எடுத்துவிடுகிறான். தண்டனை, கண்களைப் பிடுங்குவது. ஜன்னலில் அது அப்படியே இருக்கிறது: கீழே கிடக்கும் ஆள், மேலே குனிந்தவனின் கையில் கத்தி. பிறகு பெக்கெட்டின் அருளால் பார்வை திரும்புகிறது.

அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. அந்த நீலக் கண்ணாடியில் எண்ணூறு வருஷமாக ஒரு வாராக்கடன் கேஸ் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடன் கொடுத்தவனே தண்டிக்கப்பட்ட கேஸ். எழுதி வைத்த துறவிகளும் ஒருவகையில் குமாஸ்தாக்கள்தான். அவர்கள் எழுதாவிட்டால் ஈல்வர்டு இல்லை.

மேடையிலிருந்து இறங்கி, வடமேற்குப் பக்கம், கொலை நடந்த இடத்துக்கு வந்தோம். சுவரில் இரண்டு இரும்பு வாள்கள் மாட்டியிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அவற்றின் நிழல் விழுந்து நாலாகத் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். 1986-ல் வைத்தது. தரையில் ஒரே ஒரு சொல் வெட்டியிருக்கிறது: தாமஸ். அதற்கு நாலு வருஷம் முன்பு, 1982-ல், போப் இரண்டாம் ஜான் பாலும் கான்டர்பரி ஆர்ச் பிஷப்பும் சேர்ந்து மண்டியிட்டுப் பிரார்த்தித்த இடமும் இதுவே.

இங்கே வந்ததும் அக்கா பெண் உற்சாகமாகிவிட்டாள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் முதல் வருஷப் பாடத்தில் இந்தக் கொலை இருக்கிறதாம். கவிதையாக இல்லை, வழக்காக. ராஜா இரண்டாம் ஹென்றி குற்றவாளியா இல்லையா என்று கட்டுரை எழுத வேண்டுமாம்.

"நீ என்னம்மா எழுதினே?"

"ராஜா கொல்லுன்னு சொல்லவே இல்ல மாமா. அவங்களா புரிஞ்சுக்கிட்டாங்க."

"அப்போ குற்றவாளி இல்லையா?"

"அதனாலதான் குற்றவாளின்னு எழுதினேன்."

எனக்கு அந்த 'அதனாலதான்' என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை.

விஷயம் இது. தன்னுடைய சான்ஸலராக இருந்த பெக்கெட்டை ஹென்றியே 1162-ல் ஆர்ச் பிஷப் ஆக்கினான். ஆனவுடன் அவர் ராஜாவின் ஆள் இல்லாமல் போனார். சண்டையின் மையம், குற்றம் செய்த பாதிரிகளை எந்த நீதிமன்றம் தண்டிப்பது என்பது. இதில் இன்றைய மனிதன் யாரும் ராஜா பக்கம்தான் நிற்பான். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று சொன்னவன் ஹென்றி. தன் ஜாதிக்குத் தனிச் சலுகை கேட்டவர் பெக்கெட். (ஜாதி என்றே சொல்கிறேன். எழுத்தறிந்தவன், சிறு பட்டம் பெற்றவன் எல்லோரும் அந்தச் சலுகைக்குள் வந்தார்கள். 'கிளர்க்' என்ற சொல்லே 'கிளெரிக்' என்பதிலிருந்து வந்ததுதான்.) ஆறு வருஷம் பிரான்ஸில் அஞ்ஞாதவாசம். 1170 டிசம்பர் தொடக்கத்தில் திரும்பி வந்தார். டிசம்பர் 29 மாலை செத்துப்போனார்.

நார்மண்டியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ராஜா கத்தினான். என்ன கத்தினான் என்பதற்கு இன்று எல்லோருக்கும் தெரிந்த பிரபலமான வாசகம் அந்தக் காலத்துச் சாட்சிகள் எழுதியதில் இல்லை, பிற்காலத்தில் உருவானது. கொலையின்போது பெக்கெட்டின் பக்கத்தில் நின்று கையில் வெட்டு வாங்கிய எட்வர்ட் கிரிம் எழுதியிருப்பது வேறு மாதிரி. என் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் இத்தனை பேர் இருந்தும், கீழிருந்து வந்த ஒரு கிளர்க் என்னை இப்படி அவமானப்படுத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே என்ற பொருளில். அதில் உத்தரவு இல்லை. வருத்தம், கோபம், நன்றிகெட்டவர்கள் என்ற வசவு, அவ்வளவுதான். நாலு பிரபுக்கள் கப்பலேறினார்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் இதைக் காதால் கேட்டிருக்கிறேன். அறுவடை முடிந்து மீட்டுக்கொள்கிறேன் என்று நகைக்கடனுக்கு அவகாசம் கேட்டிருந்தார் ஒரு அம்மாள். சரி என்று வாய்வார்த்தையாகச் சொல்லியாகிவிட்டது. ஒரு நாள் மேலிடத்திலிருந்து போன். கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கணக்கெல்லாம் இன்னுமா நிலுவையில இருக்கு?" ஏலம் விடு என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஏலம் முடிந்துவிட்டது. ஃபைலில் எல்லாம் இருந்தது. நோட்டீஸ், தபால் அத்தாட்சி, பத்திரிகை விளம்பரம், தேதி வரிசை பிசகாமல். வாய்வார்த்தை மட்டும் இல்லை. அதை எதில் பஞ்ச் செய்வது? அந்த அம்மாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் கவுண்ட்டருக்கு வந்தார். "இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?" படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "யாரு தம்பி இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். யாருடைய பெயரையும் சொல்ல முடியவில்லை. பெயர் இல்லை என்பதுதான் உண்மை.

பிரபுக்கள் வாளோடு வந்ததால் நாலு பெயர்களும் சரித்திரத்தில் இருக்கின்றன: ஃபிட்ஸர்ஸ், மார்வில், டிரேஸி, லெ பிரெட். இன்றைய ஏற்பாடு இன்னும் நேர்த்தியானது.

இப்போது எலியட். நாடகம் கான்டர்பரி விழாவுக்காக எழுதப்பட்டு, 1935 ஜூனில் இந்தத் தேவாலயத்தின் சாப்டர் ஹவுஸில் அரங்கேறியது. அந்தக் கூடத்தையும் பார்த்தோம். கொலை நடந்த இடத்திலிருந்து சில நிமிஷ நடைகூட இல்லை. நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்தது. மேலே மரக் கூரை. நம்மிடையே எலியட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நாடகத்தில் எடுத்துப் பேசுவது, நாலாவது சபலத்தை: தியாகியாகிப் புகழ் பெறும் ஆசையை. கோரஸ் பெண்களின் கவிதையை. இரண்டும் பெரிய விஷயங்கள்தான். ஆனால் சலுகைச் சண்டையை, யாரை எந்தக் கோர்ட்டில் விசாரிப்பது என்ற அந்த அழுக்குப் பிடித்த நடைமுறைப் பிரச்னையை எலியட் ஏறக்குறைய ஒதுக்கிவிடுகிறார். அதை வைத்துக்கொண்டால் பெக்கெட்டின் ஒளிவட்டம் மங்கும். இந்த ஒதுக்கலில் அவருடைய மதம் வேலை செய்கிறது, கலை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

கலை வேலை செய்யும் இடம் வேறு. கொலை முடிகிறது. அதுவரை பெரும்பாலும் செய்யுளில் ஓடிய நாடகம் நின்றுபோகிறது. கொலைகாரர்கள் முன்னால் வந்து பார்வையாளர்களைப் பார்த்து உரைநடையில் பேசுகிறார்கள். எங்களுக்கு இதில் ஒரு காசு லாபமில்லை என்கிறார் ஒருவர். அரசாங்கம் ஒழுங்காக நடக்க இது தேவைப்பட்டது, இதன் பலனை அனுபவிக்கப்போகிறவர்கள் நீங்கள்தான் என்கிறார் இன்னொருவர். நன்றாக யோசித்தால் இது தற்கொலை, புத்தி பேதலித்தவரின் தற்கொலை என்கிறார் கடைசி ஆள். பார்வையாளர்களின் சுகத்தைக் கலைப்பதற்காகவே இந்த உரைநடை என்று எலியட்டே பின்னால் எழுதியிருக்கிறார்.

மாணவனாக இருந்தபோது எங்களுக்கு அந்தப் பகுதி நையாண்டி என்று சொல்லித் தரப்பட்டது. பரீட்சைக்கு ஐந்து மார்க். சாப்டர் ஹவுஸில் நின்றபோது எனக்கு அதில் கேட்ட குரல் எட்டு வருஷம் வங்கி மேஜையில் உட்கார்ந்தவர் கேட்டிருக்கக்கூடிய குரல். 'விதிகளில் இடமில்லை', 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது', 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்ற பாஷையின் ஆங்கில மூலம். யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. சொல்லப்போனால் நயமானதும்கூட. அந்தப் பாஷையின் வேலை, நடந்தவற்றை எல்லாம் வரிசையாகச் சொல்லி, செய்தவனை மட்டும் வாக்கியத்திலிருந்து கழற்றிவிடுவது. தமிழில் நாம் 'செய்யப்பட்டது' என்று எழுதக் கற்றுக்கொண்டது எந்த அலுவலகத்தில் என்று யாராவது ஆராய்ந்தால் நல்லது. நம் விமர்சனக் கட்டுரைகளிலும் அந்த 'பட்டது' நிறைய நடமாடுகிறது. ஒரு கவிஞரை நாம் ஓரங்கட்டும்போது, 'அவர் கவனிக்கப்படவில்லை' என்று எழுதுகிறோம். கவனிக்காதவன் யார் என்பது இல்லை.

கொலைக்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1173-ல் பெக்கெட் புனிதரானார். 1174-ல் ஹென்றி வெறுங்காலோடு ஊருக்குள் நடந்து வந்து துறவிகளிடம் சாட்டையடி வாங்கிக்கொண்டான். அரசாங்கமும் கோயிலும் சமாதானமாயின. அதே வருஷம் பிடித்த தீயில் தேவாலயத்தின் கிழக்குப் பகுதி எரிந்து, புதிதாகக் கட்டினார்கள். சாஸ் ஊர் வில்லியம் என்ற பிரெஞ்சுச் சிற்பி சாரத்திலிருந்து விழுந்து முடமாகிப் போக, இன்னொரு வில்லியம் முடித்து வைத்தார். யாத்திரை தொடங்கியது. பணம் வந்தது.

இன்னொரு ஹென்றி, எட்டாமவன், 1538-ல் எல்லாவற்றையும் முடித்தான். அரசனை எதிர்த்த பாதிரி புனிதராக இருப்பது அவனுக்கு ஒத்துவரவில்லை. சமாதி இடிக்கப்பட்டது என்று எழுதப்போனேன். அவன் ஆட்கள் இடித்தார்கள். நகைகள் ராஜாவின் கஜானாவுக்குப் போயின. அந்த வருஷக் கடைசியில் ஒரு பிரகடனம்: பெக்கெட்டை இனிப் புனிதர் என்று சொல்லக் கூடாது, உருவங்களை அகற்ற வேண்டும், புத்தகங்களிலிருந்து பெயரை அழிக்க வேண்டும். இந்தத் தடவை உத்தரவில் மறைபொருள் எதுவும் இல்லை. வாயால் சொல்லி, எழுத்தில் போட்டு, நாடு முழுக்க அனுப்பிய உத்தரவு.

நாடெங்கும் இருந்த வழிபாட்டுப் புத்தகங்களில் பல கையெழுத்தும் தோலும். யாரோ ஒருவர் ஒவ்வொரு கோயிலிலும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தேடி அழிக்க வேண்டும். அழித்தார்கள். சில பிரதிகளில் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், தோலே மெலிந்துபோகும்படி. சிலவற்றில் பக்கமே இல்லை. ஆனால் இன்னும் சில பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பெயரின் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு. அவ்வளவுதான். உத்தரவு நிறைவேறிவிட்டது, யாரும் குறைசொல்ல முடியாது. கோட்டுக்கு அடியில் பெயர் அட்சரம் பிசகாமல் படிக்கக் கிடக்கிறது.

கொலைகாரப் பிரபுக்கள், சொன்னதற்கு மேல் புரிந்துகொண்டவர்கள். கோடு போட்ட ஆள், சொன்னதைச் சொன்ன அளவுக்கு மட்டும் செய்தவர். அவர் பெக்கெட்டின் பக்தரா, வெறும் சோம்பேறியா என்பது தெரிய வழியில்லை. எந்தக் கவிதையும் அவரைப் பற்றி இல்லை. சாஸரிடம் அவருக்கு ஒரு குதிரை கிடைக்கவில்லை, எலியட்டிடம் ஒரு வசனம் கிடைக்கவில்லை. பேனாவை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அந்த ஒரு கணத்தில் அவர் கையில் இருந்தது.